கிராமி கொடுப்பவர்களுக்கு: கடம் வாசித்தவர் பெயரையும் போடுங்கள்

ரெக்கார்டிங் அகாடமியின் ஐயாமார்களே, அம்மாமார்களே,

வணக்கம். சாண்டா மோனிகாவில் இருக்கும் உங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வருஷா வருஷம், அநேகமாகப் பிப்ரவரி மாதத்தில், உங்கள் கிராமி இசை விருது விழாவுக்காக விடிய விடிய முழித்திருக்கிற ஒரு கூட்டம் இங்கே உண்டு, அவர்களாவது படிக்கட்டும். யாருக்கு விருது கொடுத்தீர்கள், யாருக்குக் கொடுக்காமல் விட்டீர்கள் என்று சண்டை போட நான் வரவில்லை. அந்தச் சண்டையை உங்கள் ஊர்க்காரர்களே நன்றாகப் போடுகிறார்கள். என் விஷயம் ரொம்பச் சின்னது. கொடுத்த விருதில் யார் யார் பெயரை எழுதுகிறீர்கள், யார் யார் பெயரை எழுதாமல் விடுகிறீர்கள் என்பதுதான்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பாட்டுக்காரன் இல்லை, வாத்தியக்காரனும் இல்லை. தொண்ணூறுகளில் திருச்சியில் ஒரு கேசட் கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். ஒரு துண்டுத் தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக்கொண்டு வந்து நீட்டுவார்கள், ஏ பக்கம் ஆறு, பி பக்கம் ஆறு என்று பதிந்து சாயங்காலம் கொடுக்க வேண்டும். (அது சட்டப்படி தப்பு என்று இப்போது தெரியும். உங்களிடம் போய் இதைச் சொல்வது திருடன் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று பெருமை பேசுவதுபோலத்தான், மன்னியுங்கள்.) மத்தியானம் கடையில் ஈ காக்கை இருக்காது. அப்போது எனக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு, கேசட் டப்பாவுக்குள் மடித்துச் செருகியிருக்கும் அட்டையைப் பிரித்துப் படிப்பது. முக்கால்வாசி சினிமா கேசட்டில் படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாட்டு எழுதியவர், பாடியவர், இதோடு சரி. நடுவில் வரும் அந்தப் புல்லாங்குழல் யாருடையது, அந்த முப்பது வயலினில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் யார், ஒன்றும் இருக்காது. ஏ.ஆர். ரஹ்மான் கேசட்டுகளில்தான் வாத்தியக்காரர்கள் பெயரை நான் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன். புல்லாங்குழல் நவீன், பேஸ் கிட்டார் கீத் பீட்டர்ஸ், டிரம்ஸ் சிவமணி என்று எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டு மறுபடி பாட்டைப் போட்டால் அதே பாட்டு வேறு மாதிரிக் கேட்கும். ஒரு சத்தமாக இருந்தது ஒரு ஆளாக மாறிவிடும். இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, உங்களில் பலர் வாசிக்கிறவர்கள்தானே, உங்களுக்குப் புரியும்.

அந்தக் கடைக்குத்தான் ஒரு நாள் ஒருவர், அமெரிக்காவிலிருந்து அண்ணன் வாங்கி வந்தது என்று ஒரு சிடியைக் கொண்டுவந்து கேசட்டில் பதிந்து தரச் சொன்னார். 'பிளானெட் ட்ரம்'. மிக்கி ஹார்ட் என்கிற அமெரிக்க டிரம்ஸ்காரர், கிரேட்ஃபுல் டெட் குழுவில் இருந்தவர், உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் தாளக்காரர்களைக் கூட்டி வைத்துச் செய்த ஆல்பம். பாபாதுண்டே ஒலதுஞ்சியும் சிக்கிரு அடெபோஜுவும் நைஜீரியாவிலிருந்து, ஐர்ட்டோ மொரேராவும் ஃப்ளோரா பூரிமும் பிரேசிலிலிருந்து, ஜொவானி இடால்கோ போர்ட்டோ ரிக்கோவிலிருந்து. நம் பக்கத்திலிருந்து தபலா ஜாகிர் உசேன், கடம் டி.எச். விநாயக்ராம். சிடியோடு வந்த சின்னப் புத்தகத்தில் எல்லார் பெயரும் இருந்தது. நான் டெக்கில் கேசட்டைப் போட்டுப் பதிய விட்டுவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். கோயில் உற்சவத்தில் பந்தல் ஓரம் உட்கார்ந்து கேட்ட அதே பானைச் சத்தம், அந்த 'கும்' என்கிற அடிநாதம், வாயை வயிற்றில் அழுத்தி எடுக்கும்போது உள்ளே இழுத்துக்கொள்கிற அந்தக் காற்று, அது இவ்வளவு பேர் நடுவில் தனியாகத் தெரிந்தது. கடம் செய்கிற மானாமதுரை மண் என்று சொன்னால் உங்களுக்கு ஒன்றும் தோன்றாது. எங்களுக்குத் தோன்றும்.

அந்த ஆல்பத்துக்கு 1992இல் நீங்கள் கிராமி கொடுத்தீர்கள். உலக இசை என்று ஒரு பிரிவை அந்த வருஷம்தான் ஆரம்பித்தீர்கள், அதில் முதல் விருதே இதற்குத்தான். அன்றிலிருந்து எங்கள் பத்திரிகைகள், சபா நோட்டீஸ்கள், மேடையில் அறிமுகம் செய்கிறவர்கள் எல்லாரும் 'கிராமி விருது பெற்ற விக்கு விநாயக்ராம்' என்றுதான் சொல்கிறார்கள். நானும் முப்பது வருஷமாக அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

சந்தேகம் வந்தது 2024இல், அதுவும் ஒரு சந்தோஷமான ராத்திரியில். பிப்ரவரி 5, திங்கட்கிழமை, இங்கே அதிகாலை 2 மணி. அங்கே உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டிவியில் காட்டுகிற பெரிய விழாவுக்கு முன்னால் பிரீமியர் செரிமனி என்று ஒன்று நடத்துகிறீர்களே, அதை யூடியூபில் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லாரும் தூக்கம், காதில் ஒரு பக்கம் மட்டும் இயர்போன், போர்வைக்குள் மொபைல். ஷக்தி குழுவின் 'திஸ் மொமெண்ட்' ஆல்பத்துக்கு விருது என்று அறிவித்ததும் நான் போட்ட சத்தத்தில் என் மனைவி எழுந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிவிட்டாள். சங்கர் மகாதேவன் விருதைத் தன் மனைவிக்கு அர்ப்பணிக்கிறேன் என்று சொன்னார். பக்கத்தில் வயலின் கணேஷ் ராஜகோபாலன், கஞ்சிரா செல்வகணேஷ். செல்வகணேஷ் யார்? விக்கு விநாயக்ராமின் மகன். எழுபதுகளில் ஜான் மெக்லாக்லின், எல். சங்கர், ஜாகிர் உசேனோடு சேர்ந்து இதே ஷக்தியில் கடம் வாசித்தவர் அப்பா. பிறகு அந்த இடத்துக்கு மகன் வந்தார். கிட்டத்தட்ட ஐம்பது வருஷத்துக் கதை. எனக்குத் தூக்கம் போய்விட்டது. அப்பாவும் பிள்ளையும் இரண்டு பேருமே கிராமி என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதப் போனவன், வருஷம் சரியா என்று பார்த்துக்கொள்ளலாமே என்று 1992ஆம் வருஷத்து வெற்றியாளர் பட்டியலைத் திறந்தேன்.

உலக இசை ஆல்பம்: பிளானெட் ட்ரம், மிக்கி ஹார்ட். அவ்வளவுதான். ஒரே ஒரு பெயர்.

கீழே தள்ளிப் பார்த்தேன், மேலே தள்ளிப் பார்த்தேன். அதற்குமேல் ஒன்றும் இல்லை. விநாயக்ராம் ஐயா வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்பது என் பேச்சு இல்லை, அது எனக்குத் தேவையும் இல்லை. நான் பேசுவது பட்டியலைப் பற்றி. மிக்கி ஹார்ட்டைக் குறை சொல்லவும் முடியாது, அவர் தன் ஆல்பத்தில் எல்லார் பெயரையும் அச்சடித்துத்தான் இருந்தார். அந்தப் புத்தகத்தில் இருந்த பெயர்கள் உங்கள் பட்டியலுக்கு வரும் வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டன.

இதில் இன்னொரு வேடிக்கை. 2009இல் இதே மிக்கி ஹார்ட், இதே ஜாகிர் உசேன், அடெபோஜு, இடால்கோ சேர்ந்து 'குளோபல் ட்ரம் ப்ராஜெக்ட்' என்று ஒன்று செய்து மறுபடி கிராமி வாங்கினார்கள். அதில் நாலு பேர் பெயரும் பட்டியலில் இருக்கிறது. ஏனென்றால் இந்தமுறை ஆல்பத்தின் அட்டையிலேயே நாலு பேர் பெயர். அதாவது, அட்டையில் யார் பெயர் பெரிதாக இருக்கிறதோ அவர் விருது வாங்கியவர், உள்ளே சின்ன எழுத்தில் இருந்தால் அவர் வேலைக்கு வந்தவர். ஷக்தி ஒரு குழு, குழுவின் பெயரில் விருது வந்தால் ஐந்து பேருக்கும் வந்ததாகக் கணக்கு. அதே ஐந்து பேரும் அதே வாசிப்பை ஒருத்தர் பெயரில் வந்த ஆல்பத்தில் வாசித்திருந்தால் ஒருத்தருக்குத்தான். 2025இல், சென்னையில் பிறந்த சந்திரிகா டாண்டனுக்கு 'திரிவேணி' ஆல்பத்துக்காக விருது கிடைத்ததே, அதில் புல்லாங்குழல் வூட்டர் கெல்லர்மன், செல்லோ எரு மட்சுமோட்டோ பெயரும் சேர்ந்தே இருக்கிறது. மூன்று பேர் பெயரில் ஆல்பம், மூன்று பேர் பெயரில் விருது. சரிதான். வாசிப்பு எப்படி இருந்தது என்பதைவிட அட்டை எப்படி அச்சானது என்பதுதான் தீர்ப்புச் சொல்கிறது.

ஜாகிர் உசேன் 2024 டிசம்பர் 15 அன்று காலமானபோது இங்கே ஒரு பத்திரிகை நான்கு கிராமி வாங்கியவர் என்று எழுதியது, இன்னொன்று ஐந்து என்று எழுதியது. டீக்கடையில் இரண்டு பேப்பரையும் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர், எதுய்யா சரி என்று கேட்டார். 2009இல் ஒன்று, 2024இல் ஒரே நாளில் மூன்று, ஆக நான்கு. ஐந்து என்று எழுதியவர்கள் பிளானெட் ட்ரம்மையும் சேர்த்திருப்பார்கள் என்று விளக்கினேன். அதில் இவர் வாசித்தாரா இல்லையா என்றார். வாசித்தார் என்றேன். அப்புறம் ஏன் சேர்க்கக் கூடாது என்றார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கும், விதி என்று சொல்வீர்கள். அந்த விதியை அந்தப் பெரியவருக்கு நீங்களே விளக்கிப் பாருங்கள், டீ நான் வாங்கித் தருகிறேன்.

அடுத்த பிப்ரவரியில் விழா நடந்தபோது, மறைந்தவர்களை நினைவுகூரும் பகுதியில் அவர் பெயரையே டிவியில் காணோம். ஒரு வருஷம் முன்னால் ஒரே மதியத்தில் மூன்று விருது கொடுத்த மனிதர். ஏழு வாரத்தில் மறந்துவிட்டது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் என் கை நிற்காது, விட்டுவிடுகிறேன்.

உங்கள் விதிகளை ஒன்றும் தெரியாமல் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். சில விதிகள் நியாயம்தான், எங்கள் ஆட்கள்தான் புரிந்துகொள்ளவில்லை. 2010இல் 'ஜெய் ஹோ' பாட்டுக்குக் கொடுத்தீர்கள். அது பாட்டு எழுதியவர்களுக்கான விருது. ரஹ்மான், குல்சார், ஸ்பானிஷ் வரிகளை எழுதிய தன்வி ஷா, மூன்று பேருக்கும் வந்தது. உச்சத்தில் நின்று அந்தப் பாட்டைத் தூக்கிப் பாடிய சுக்விந்தர் சிங்குக்கு வரவில்லை, ஏனென்றால் அவர் எழுதவில்லை, பாடினார். இங்கே அன்றைக்குப் பெரிய சலசலப்பு, பாடினவனுக்கு இல்லையா என்று. பாட்டு வேறு, பதிவு வேறு, ஒன்றை எழுதினவர் வாங்குவார், இன்னொன்றைப் பாடினவரும் பதிந்தவரும் வாங்குவார்கள் என்று நான் ஊரெல்லாம் உங்களுக்காக வக்கீல் வேலை பார்த்தேன். அதே வருஷம், அந்தப் பாட்டு வந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் ஆல்பத்துக்குக் கொடுத்த விருதில் ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதரின் பெயர் இருந்தது. அவர் இறந்தது 2008 டிசம்பர் முதல் தேதி. படம் உலகம் பூராவும் பேசப்பட்டதையே அவர் பார்க்கவில்லை. இறந்து பதினான்கு மாதம் கழித்து, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மிக்ஸிங் செய்த ஒரு சென்னைக்காரரின் பெயரை நீங்கள் மறக்கவில்லை. அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் போகவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரைக் கண்டுபிடித்த உங்களுக்கு, கண்ணாடிக்கு முன்னால் மைக்கை ஒட்டி உட்கார்ந்து பானையைத் தட்டியவரைக் காண முடியவில்லை என்றால் எப்படி?

எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர், பெயர், வாத்தியம் ஒன்றும் சொல்ல மாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. கிராமி வாங்கிய ஒரு ஆல்பத்தில் இரண்டு பாட்டுக்கு வாசித்தவர். ஒரு நாள் வேலை, அதற்குப் பேசிய சம்பளம், வாங்கிக்கொண்டு பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டார். விருது கிடைத்தது டிவியில் பார்த்துத்தான் தெரியும். பிறகு யாரோ சொல்லி, இப்படி வேலை செய்தவர்களுக்கு ஒரு சான்றிதழ் உண்டு, பணம் கட்டினால் அனுப்புவார்கள் என்று தெரிந்து, மகன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாரம் நிரப்பி வாங்கினார்கள். அதை ஃபிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார், ஒரு பக்கம் அப்பா அம்மா படம், இன்னொரு பக்கம் மளிகைக்கடைக் காலண்டர். ஊர்க்காரர்கள் சந்தோஷத்தில் முச்சந்தியில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள், 'கிராமி விருது வென்ற எங்கள் மண்ணின் மைந்தர்' என்று, நீங்கள் கொடுக்கிற கிராமபோன் சிலையின் படமும் போட்டு. ஒரு வாரத்தில் விவரம் தெரிந்த ஒரு ஆசாமி வந்து, பட்டியலில் இவர் பேர் இல்லையே, பொய் சொல்கிறார்கள் என்று கிளப்பிவிட்டான். இவர் பொய்யே சொல்லவில்லை, ஃபிளெக்ஸ் வைத்ததும் இவர் இல்லை. ஆனாலும் ராத்திரியோடு ராத்திரியாக அதை அவரே கழற்றி மடித்துப் பரணில் போட்டார். போன பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன், அந்த ஃபிளெக்ஸ் துணி மாட்டுக் கொட்டகையில் ஒழுகுகிற இடத்தில் விரித்துக் கட்டியிருந்தது, சிலையின் குழாய் வாய் கீழே பார்த்தபடி.

சான்றிதழ் கொடுப்பது நல்ல விஷயம்தான். ஆனால் சான்றிதழ் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது, பட்டியல் உலகத்துக்கு முன்னால் இருக்கிறது. காசு கட்டி வாங்கிய காகிதம் ஒரு பக்கம், உங்கள் பக்கத்தில் இல்லாத பெயர் இன்னொரு பக்கம். ஊர் எதை நம்பும்?

இங்கேயும் சுத்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. உங்கள் போட்டிக்கு ஆல்பத்தை அனுப்பி, அது முதல் சுற்று ஓட்டுப்பட்டியலில் ஆயிரத்தோடு ஆயிரத்தொன்றாக ஏறியதுமே 'கிராமிக்குத் தேர்வான தமிழர்' என்று செய்தி போட வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நாமினேஷனே இல்லை, விண்ணப்பம் சேர்ந்துவிட்டது என்பதற்கான ரசீது. சினிமாவில் எத்தனை வாத்தியக்காரர்கள் காலையில் ஒரு கால்ஷீட், மத்தியானம் ஒரு கால்ஷீட் என்று ஆயிரக்கணக்கான பாட்டுக்கு வாசித்துவிட்டுப் பேரில்லாமல் போயிருக்கிறார்கள், அந்தப் பாவக் கணக்கு எங்களுடையது, உங்கள் தலையில் கட்ட மாட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் நாங்கள் உங்களைவிடப் பரவாயில்லை. சின்ன ஊர் ராமநவமிக் கச்சேரி நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். மஞ்சள் தாளில் மலிவு அச்சாகத்தான் இருக்கும். பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார், மோர்சிங் இன்னார், ஐந்தும் வரும். கடத்துக்கும் மோர்சிங்குக்கும் எழுத்து கொஞ்சம் சிறிது, சம்பளமும் சிறிது, அந்தக் குறை வேறு. பெயர் வராமல் இருக்காது. மிருதங்கமும் கடமும் தனி ஆவர்த்தனம் முடித்ததும் பாடகரே மைக்கில் ஒருமுறை பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்கித் தருவார். பானை செய்கிறவர் வரைக்கும் போகிறோம். மானாமதுரையில் கடம் செய்கிற ஒரு அம்மாவுக்கு சங்கீத நாடக அகாடமி விருது கொடுத்திருக்கிறது, குடியரசுத் தலைவர் கையால். மண் பிசைந்தவருக்கு விருது. நான் உங்களிடம் அவ்வளவெல்லாம் கேட்கவில்லை.

பெயர் விஷயத்தில் நீங்கள் எவ்வளவு கறார் என்பதும் தெரியும். மில்லி வனில்லி என்கிற பாப் ஜோடி. 1990இல் புதுமுகக் கலைஞர் விருதை அந்த இரண்டு பையன்களுக்குக் கொடுத்தீர்கள், ஆல்பத்தில் அவர்கள் பாடவே இல்லை, வாயசைத்தார்கள் என்று தெரிந்ததும் நவம்பரில் விருதைத் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள். பாடாதவன் பெயரில் விருது இருக்கக் கூடாது என்று நினைத்தீர்கள், சரி. உண்மையில் பாடினவர்கள் சிலர் இருந்தார்களே, அவர்களுக்கு என்ன செய்தீர்கள்? பொய்ப் பெயரை அழித்தீர்கள், மெய்ப் பெயரை எழுதவில்லை. அந்த இடம் காலியாகவே இருக்கிறது. என் கேள்வி இதிலேயே அடங்கிவிடும்: இல்லாதவன் பெயர் இருந்தால் உங்களுக்குக் கோபம் வருகிறது, இருந்தவன் பெயர் இல்லாவிட்டால் ஏன் வருவதில்லை?

விதியை மாற்ற முடியாது என்றும் சொல்ல முடியாது, மாற்றிக்கொண்டேதான் இருக்கிறீர்கள். ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதில் முன்பு, ஆல்பத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரமாவது வேலை செய்திருந்தால்தான் பங்கு என்றீர்கள். 2021இல் அதெல்லாம் வேண்டாம், கூடப் பாடியவர், எழுதியவர், பதிந்தவர், ஒரு பாட்டில் வேலை செய்திருந்தாலும் வரலாம் என்று கதவைத் திறந்தீர்கள். கூட்டம் தாங்கவில்லையோ என்னவோ, இரண்டு வருஷத்தில் 20 சதவீதம் வேண்டும் என்று மறுபடி பாதி சாத்தினீர்கள். உலக இசை என்கிற பெயரிலேயே ஒரு காலனி வாடை இருக்கிறது என்று 2020இல் 'குளோபல் மியூசிக்' என்று மாற்றினீர்கள். பலகையை மாற்றியது நல்லதுதான், உள்ளே போனால் அதே முதலாளி, அதே வேலையாள். இதையெல்லாம்விட, 2019இல் நீங்களே ஒரு இயக்கம் நடத்தினீர்கள், ஒரு பாட்டுக்குப் பின்னால் இருக்கும் எல்லாரையும் கலைஞர்கள் ஊருக்குச் சொல்லுங்கள், அட்டையில் இருக்கும் பெயர்களைப் பகிருங்கள் என்று. அன்றைக்குக் கேசட் கடைக்காரனான எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அட்டையைப் பிரித்துப் படிக்கிற ஆசாமி நான் ஒருத்தன் மட்டும் இல்லை என்று. ஊருக்குச் சொன்னதை உங்கள் பட்டியலுக்கும் சொல்லியிருக்கலாம்.

நான் கேட்பது சிலை இல்லை. அந்தச் சின்னக் கிராமபோன் சிலையைக் கொலராடோவில் ரிட்ஜ்வே என்கிற சிற்றூரில் ஒரு பட்டறையில் கையாலேயே செய்கிறார்கள் என்று படித்திருக்கிறேன், ஐந்நூறு பேருக்குச் செய்யச் சொன்னால் பாவம் அவர்கள். டிவி மேடையில் நீங்கள் கையில் கொடுப்பது சும்மா காட்டுவதற்கு, அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு பெயர் பொறித்ததை அப்புறம் வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்றும் படித்தேன். அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பெயர் பொறிக்கிற வரைக்கும் அது வெறும் உலோகம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

கேட்பது இதுதான். உங்கள் இணையதளத்தில் ஒவ்வொரு விருதுக்கும் ஒரு வரி இருக்கிறது. அதைத் தொட்டால் கீழே விரியட்டும், அந்த ஆல்பத்தில் வாசித்தவர்கள், பாடியவர்கள், என்ன வாத்தியம், எந்தப் பாட்டு என்று ஆல்பத்தில் அச்சானது அப்படியே. வெற்றியாளர் என்று அவர்களைச் சொல்ல வேண்டாம். வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள், உடன் வாசித்தோர் என்று போடுங்கள், எங்கள் பக்கவாத்தியம் என்கிற சொல்லைக் கடனாகத் தந்தாலும் சம்மதம். போட்டிக்கு ஆல்பத்தை அனுப்பும்போதே அந்தப் பெயர்களைக் கேட்டு வாங்குங்கள், பெயர் தராதவரின் ஆல்பத்தை ஏற்க மாட்டோம் என்று ஒரு வரி சேர்த்தால், இந்தியாவில் இருக்கிற அத்தனை ஸ்டூடியோக்களும் மறுநாளே வாத்தியக்காரர் பெயரை ஒழுங்காக எழுத ஆரம்பித்துவிடும். கிராமி என்றால் இங்கே அப்படி ஒரு பயபக்தி. அறுபது பேர் வாசித்த ஆல்பம் என்றால் அறுபது பெயர். இணையத்தில் இடத்துக்கா பஞ்சம்?

பழையவற்றையும் செய்ய வேண்டும். 1959 மே மாதம் நடந்த முதல் விழாவிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லவில்லை, முடிந்ததைச் செய்யுங்கள். ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே செய்தால் நல்லது. அவரவர் பேரன் பேத்திகள் ஒரு நாள் தேடிப் பார்ப்பார்கள்.

மத்தியான விழாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024இல் 94 பிரிவு, அதில் எண்பதுக்கும் மேல் அந்த மத்தியானத்திலேயே கொடுத்து முடித்துவிட்டீர்கள். எங்கள் ஆட்கள் வாங்குவதெல்லாம் அநேகமாக அப்போதுதான். அதைப் பற்றிப் பலருக்கு மனக்குறை உண்டு, எனக்குக் கிடையாது. அந்த விழாதான் நிஜமான விழா. அலட்டல் இல்லை, ஜாஸ்காரரும் தேவாலயப் பாடகரும் குழந்தைப் பாட்டுக்காரரும் சட்டென்று ஏறி, அழுது, நன்றி சொல்லி, சட்டென்று இறங்குகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பார்த்தால் என்ன, கச்சேரிக்கு முழித்திருந்து பழகியவர்கள்தான் நாங்கள்.

பழையவற்றில் எதிலிருந்து தொடங்குவது என்று குழப்பம் இருந்தால் நான் ஒன்று சொல்கிறேன். 1992, உலக இசை ஆல்பம். மிக்கி ஹார்ட் பெயருக்குக் கீழே ஒலதுஞ்சி, அடெபோஜு, ஐர்ட்டோ, ஃப்ளோரா பூரிம், இடால்கோ, ஜாகிர் உசேன், இன்னும் அந்தப் புத்தகத்தில் இருக்கிற எல்லாரையும் போடுங்கள். சிடி கிடைக்கவில்லை என்றால் அந்த அமெரிக்க அண்ணனின் தம்பியை இன்னும் எனக்குத் தெரியும், கேட்டு வாங்கி ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். கடம் என்று வரும் இடத்தில் டி.எச். விநாயக்ராம் என்று போட வேண்டும். 'க்' விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இங்கேயே பாதிப் பேர் தப்பாகத்தான் எழுதுகிறார்கள்.

இப்படிக்கு,
பழைய கேசட் கடைக்காரன்,
திருச்சி